முப்பது மரங்களும் ஒரு கடல் முள்ளெலியும்: பலெர்மோவில் இனப்பெருக்கத்தின் கணக்கு

இத்தாலியின் சிசிலித் தீவின் தலைநகரான பலெர்மோவுக்குக் கிழக்கே, மதோனியே மலைத்தொடரில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,400 முதல் 1,600 மீட்டர் உயரத்தில், உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத ஒரு வகை ஃபர் மரம் இருக்கிறது. ஊசியிலை மரங்களின் குடும்பத்தைச் சேர்ந்த இதனை விஞ்ஞானிகள் ஏபிஸ் நெப்ரோடென்சிஸ் என்று அழைக்கின்றனர். இயற்கைச் சூழலில் இதன் முதிர்ந்த மரங்கள் முப்பது மட்டுமே எஞ்சியுள்ளன.

ஒரு காலத்தில் அந்த மலைகளில் பரந்து கிடந்த இந்த மரம், தேவாலயங்களுக்கும் மாளிகைகளுக்கும் உத்திரங்களாக வெட்டப்பட்டே அருகிப்போனது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இது முற்றாக அழிந்துவிட்டதாகவே தாவரவியலாளர்கள் கருதினர். 1957ஆம் ஆண்டு பொலிட்சி ஜெனெரோசா என்ற ஊருக்கு அருகிலுள்ள ஒரு பள்ளத்தாக்கில் சில மரங்கள் உயிருடன் இருப்பது தெரியவந்தது. இன்று அவை மதோனியே பூங்காவின் பாதுகாப்பில் உள்ளன. அவற்றை இப்போது எவரும் வெட்டுவதில்லை. ஆயினும் ஆபத்து நீங்கிவிடவில்லை, ஏனெனில் இப்போதைய சிக்கல் கோடரியால் வருவதல்ல. இந்த மரங்கள் ஒன்றோடொன்று இனம் சேர முடியாமல் நிற்கின்றன.

உயிரினங்கள் பால்முறையில் இனம் பெருக்குவது எவ்வாறு, அதற்கு ஏன் இரு தரப்பு தேவைப்படுகிறது, அந்த இரு தரப்பும் சந்திக்க இயலாதபோது என்ன நேர்கிறது என்ற கேள்விகளுக்குப் பலெர்மோவின் மலையும் கடலும் விடை தருகின்றன. இலங்கைத் தமிழர் கணிசமாக வாழும் நகரம் அது என்பதால், கீழே வரும் காட்சிகளில் சில அங்குள்ள வாசகர்களுக்கு அன்றாடம் கண்ணில் படுபவையே.

பாதியாகக் குறைத்தல்

விலங்காயினும் தாவரமாயினும் பால்முறை இனப்பெருக்கத்தின் அடிப்படை ஒன்றுதான். ஓர் உயிரணுவில் உள்ள குரோமோசோம்கள் இரண்டிரண்டாக, இணை இணையாக இருக்கின்றன. ஒவ்வோர் இணையிலும் ஒன்று தாய்வழி வந்தது, மற்றது தந்தைவழி வந்தது. விந்தணுவும் முட்டையும் உருவாகும்போது மட்டும் ஒரு சிறப்பான பிரிவு நிகழ்கிறது. தமிழகத்துப் பாடநூல்கள் இதனைக் குன்றல் பிரிவு என்றும், இலங்கைப் பாடநூல்கள் ஒடுக்கற்பிரிவு என்றும் குறிப்பிடுகின்றன. இந்தப் பிரிவின் முடிவில் ஒவ்வோர் இணையிலிருந்தும் ஒன்று மட்டுமே பாலணுவுக்குள் செல்கிறது. பின்னர் இரு பாலணுக்கள் கூடும்போது பழைய எண்ணிக்கை மீண்டும் நிறைவடைகிறது.

ஃபர் மரங்களில் 12 இணைகள், அதாவது 24 குரோமோசோம்கள் உள்ளன. ஒவ்வோர் இணையிலிருந்தும் எது செல்லும் என்பது தற்செயல். ஆகவே ஒரே மரம் உருவாக்கக்கூடிய பாலணுச் சேர்மானங்கள் 4,096. வேறுபட்ட இரு மரங்கள் சேர்ந்தால் அவற்றின் சந்ததியில் ஒரு கோடியே 67 லட்சத்துக்கும் அதிகமான சேர்மானங்கள் சாத்தியம். இணைக் குரோமோசோம்கள் பிரிவதற்கு முன்பு தம் துண்டுகளைத் தமக்குள் மாற்றிக்கொள்கின்றன என்பதால், உண்மையான எண்ணிக்கை இதைவிட மிகப் பெரியது. ஒரே பெற்றோருக்குப் பிறந்த பிள்ளைகள் ஒருவரை ஒருவர் ஒத்தும் ஒவ்வாமலும் இருப்பதற்குக் காரணம் இதுவே.

தன் மகரந்தம், தன் முட்டை

மதோனியே மரங்களின் சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. இந்த ஃபர் மரத்தில் ஆண் கூம்பும் பெண் கூம்பும் ஒரே மரத்தில் உண்டாகின்றன. பெண் கூம்புகள் உச்சிக் கிளைகளில் நிமிர்ந்து நிற்க, ஆண் கூம்புகள் அவற்றுக்குக் கீழே இருக்கின்றன. இலையுதிர் காலம் வந்ததும் முதிர்ந்த பெண் கூம்பு மரத்திலேயே உதிர்ந்து சிறகுள்ள விதைகளைக் காற்றில் விடுகிறது.

வசந்த காலத்தில் ஆண் கூம்புகளிலிருந்து வெளிவரும் மகரந்தத் துகள் ஒவ்வொன்றுக்கும் இரு காற்றுப் பைகள் உண்டு. பூச்சியும் இல்லை, தேனும் இல்லை, நிறமும் இல்லை. எல்லாம் காற்றின் பொறுப்பு. மரங்கள் நெருங்கி நிற்கும் அடர்ந்த காட்டில் இந்த முறை நன்றாகவே வேலை செய்கிறது: உச்சியிலுள்ள பெண் கூம்புக்கு அண்டை மரங்களின் மகரந்தம் வந்து சேர்கிறது. ஆனால் முப்பது மரங்கள் 80 ஹெக்டேருக்கும் மேற்பட்ட பரப்பில் சிதறி நிற்கும்போது, ஒரு பெண் கூம்பை அடையும் மகரந்தத்தில் பெரும்பகுதி அதே மரத்தினுடையதாகவே இருக்கிறது.

தன் மகரந்தத்தால் தன்னையே கருவுறச் செய்வது தாவரங்களில் அரிதன்று. நெல் பெரும்பாலும் அப்படித்தான் விளைகிறது, அதனால் அதற்குக் கேடில்லை. ஊசியிலை மரங்களின் நிலை வேறு. தலைமுறை தலைமுறையாகக் காற்றில் கலந்து வாழ்ந்த இந்த மரங்கள் தம் மரபணுக்களில் ஏராளமான குறைகளை மறைத்து வைத்திருக்கின்றன. இணையில் ஒன்று பழுதாயினும் மற்றது காத்துக்கொள்ளும். மரம் தன்னுடனேயே கூடும்போது பழுதானவை இரண்டும் ஒரே கருவில் சேர்ந்துவிடும் வாய்ப்பு கூடிவிடுகிறது. அத்தகைய கருக்களில் பல விதைக்குள்ளேயே இறந்துவிடுகின்றன. வெளியிலிருந்து பார்த்தால் விதை முழுமையாகத் தெரியும், உடைத்துப் பார்த்தால் உள்ளே ஒன்றும் இராது. நம் வயல்களில் பதர் என்று தூற்றிவிடப்படுவதற்கு ஒப்பானது இது, காரணங்கள் வேறாயினும்.

பிழைத்து முளைக்கும் நாற்றுகளிலும் சிக்கல் தொடர்கிறது. ஒவ்வொரு தற்கலப்புத் தலைமுறையிலும் மரபணு வேறுபாடு பாதியாகக் குறைகிறது. மதோனியே நாற்றுகளின் மரபணுக்களைச் சோதித்த ஆய்வாளர்கள், அவற்றில் பெரும்பாலானவை தற்கலப்பில் பிறந்தவை என்று கண்டனர். போதாக்குறைக்கு, கடந்த நூற்றாண்டில் மலைகளைப் பசுமையாக்கும் நல்லெண்ணத்துடன் அப்பகுதியில் நடப்பட்ட வேற்றிட ஃபர் மரங்களின் மகரந்தமும் இந்த மரங்களை அடைகிறது. ஒரு புறம் தன்னுடனேயே கூடித் தேய்வது, மறு புறம் பிற இனத்துடன் கலந்து தன் அடையாளத்தை இழப்பது என இரு வழிகளிலும் இந்த இனம் கரைந்துகொண்டிருக்கிறது.

சந்தையில் விற்கப்படும் பாலணுக்கள்

மலையிலிருந்து இறங்கிக் கடற்கரைக்கு வந்தால், இதே கணக்கை வேறொரு வடிவில் காணலாம்.

பலெர்மோவின் உணவகங்களில் கடல் முள்ளெலி விலையுயர்ந்த பண்டம். உடைத்த ஓட்டுக்குள் ஐந்து நாக்குகள் போல ஆரஞ்சு நிறத்தில் இருப்பதைக் கரண்டியால் எடுத்து ரொட்டியுடனும் ஸ்பகெட்டியுடனும் உண்கின்றனர். உண்பவர் பலர் இதனை முட்டை என்றே எண்ணுகின்றனர். உண்மையில் அவை அந்த விலங்கின் இனப்பெருக்கச் சுரப்பிகள். ஆணிடத்தும் உண்டு, பெண்ணிடத்தும் உண்டு. கருப்பாக இருப்பது ஆண், உண்ணத் தகாதது என்றும், ஊதாவும் பழுப்புமாக இருப்பது பெண் என்றும் இத்தாலியக் கடற்கரைகளில் ஒரு நம்பிக்கை நிலவுகிறது. அது தவறு. அவை இரண்டும் வெவ்வேறு இனங்கள். உண்ணப்படுவது பராசென்ட்ரோட்டஸ் லிவிடஸ், கருப்பானது அர்பாசியா லிக்சுலா. இரு இனங்களிலும் ஆணும் பெண்ணும் உண்டு, வெளித்தோற்றத்தைக் கொண்டு எது ஆண் எது பெண் என்று சொல்ல இயலாது.

மனிதன் கருவுறுதலைப் புரிந்துகொண்டதில் இந்தச் சிறு விலங்குக்குப் பெரும் பங்குண்டு. இதன் முட்டை ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அளவுடையது, ஒளி ஊடுருவக்கூடியது. விந்தணுவைக் கடல் நீரில் கலந்துவிட்டால் நுண்நோக்கியின் கீழ் அனைத்தும் கண்முன்னே நிகழும். 1870களின் நடுப்பகுதியில் ஜெர்மானிய விஞ்ஞானி ஆஸ்கர் ஹெர்ட்விக், மத்தியதரைக் கடலின் இதே இனத்தைக் கொண்டுதான் விந்தணுவின் கருவும் முட்டையின் கருவும் ஒன்றாக இணைவதைக் கண்டறிந்தார். குழந்தை விந்தில் முழுமையாக அடங்கியிருக்கிறதா, முட்டையில் அடங்கியிருக்கிறதா என்று நூற்றாண்டுக் கணக்கில் நீடித்த வாதத்துக்கு அந்தக் காட்சி விடை தந்தது.

பலெர்மோவும் இந்த வரலாற்றில் இடம்பெறுகிறது. 1913ஆம் ஆண்டு அந்நகரில் பிறந்த அல்பெர்த்தோ மொன்ரோய், அங்குள்ள பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்து கடல் முள்ளெலி முட்டையின் வேதியியலை ஆராய்ந்தார். கருவுறுதலின் வேதியியல் பற்றி அவர் எழுதிய நூல் 1965ஆம் ஆண்டு வெளியானது. கருவுறாத முட்டை ஏறக்குறைய உறங்கும் நிலையில் இருப்பதும், விந்தணு தொட்டதும் அது புரதங்களை விரைவாக உருவாக்கத் தொடங்குவதும் எப்படி என்பதே அவரையும் அவருடைய சகாக்களையும் ஈர்த்த கேள்வி. அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜொவான்னி ஜூதிச்சே, கடல் முள்ளெலிக் கருவின் வளர்ச்சி பற்றி 1973இல் வெளியிட்ட நூலும் இத்துறையில் நன்கு அறியப்பட்டது.

அந்தச் சில நிமிடங்களில் நிகழ்வது வியப்புக்குரியது. முட்டையைச் சூழ்ந்த கூழிலிருந்து கசியும் பொருட்கள் விந்தணுவைத் தூண்டுகின்றன. விந்தணுவின் முனையிலுள்ள ஒரு புரதம் தன் இனத்து முட்டையின் மேற்பரப்புடன் மட்டுமே பொருத்தமாக ஒட்டிக்கொள்கிறது. ஒரே பாறையில் இரு இனங்கள் வாழ்ந்தும் கலவாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம். முதல் விந்தணு நுழைந்ததும், ஒரு சில விநாடிகளுக்குள் முட்டைச் சவ்வின் மின்னழுத்தம் மாறி மற்ற விந்தணுக்களைத் தடுக்கிறது. அதைத் தொடர்ந்து கால்சியம் அலை ஒன்று முட்டை முழுவதும் பரவ, ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் முட்டையைச் சுற்றி ஓர் உறை எழும்பி நிற்கிறது. இரு விந்தணுக்கள் நுழைந்துவிட்டால் குரோமோசோம்களின் கணக்குத் தவறிக் கரு அழிந்துவிடும் என்பதால்தான் இந்த இரட்டைக் காவல்.

மனிதரிலும் பாலூட்டிகளிலும் கருவுறுதல் உடலுக்குள் நடக்கிறது. உட்கருவுறுதல் என்பது இரு பாலணுக்கள் சந்திக்கும் வாய்ப்பை உயர்த்தும் ஏற்பாடு. எனவே முட்டைகளின் எண்ணிக்கையைக் குறைத்து ஒவ்வொன்றையும் பேணுவது சாத்தியமாகிறது. கடல் முள்ளெலிக்கு அந்த வசதி இல்லை. பெண் பல லட்சம் முட்டைகளைக் கடலில் விடுகிறது, ஆண் விந்தை விடுகிறது. மிச்சம் நீரோட்டத்தின் கையில்.

மலையில் காற்று, இங்கே நீர். தொலைவுதான் இரண்டிடத்திலும் பகை. ஒரு வகைக் கடல் முள்ளெலியைக் கொண்டு செய்யப்பட்டு 1985இல் வெளியான ஆய்வொன்று, விந்தை வெளியிடும் தனி ஆணிடமிருந்து 20 சென்டிமீட்டருக்கு அப்பாலுள்ள முட்டைகளில் 15 சதவீதத்துக்கும் குறைவானவையே கருவுற்றன என்று காட்டியது. மீனவர் பாறைகளைத் துடைத்துச் சென்ற பிறகு ஆங்காங்கே ஒன்றிரண்டு எஞ்சியிருப்பது, பார்வைக்கு இனம் பிழைத்திருப்பதாகத் தோன்றலாம். இனப்பெருக்கக் கணக்கில் அவை ஏறக்குறைய இல்லாதவையே. இத்தாலிய அரசு 1995ஆம் ஆண்டு ஆணையொன்றின் மூலம், முட்கள் உட்பட ஏழு சென்டிமீட்டருக்குக் குறைவான கடல் முள்ளெலிகளைப் பிடிப்பதற்கும், மே, ஜூன் மாதங்களில் எதையும் பிடிப்பதற்கும் தடை விதித்தது. அளவுக்குக் கட்டுப்பாடு உண்டு, ஆனால் ஒரு பாறையில் எத்தனை எஞ்ச வேண்டும் என்பதற்கு அந்த ஆணையில் விதி இல்லை என்பது கவனத்துக்குரியது.

மன்னார் வளைகுடாவின் இரு கரைகளிலும் உள்ள மீனவருக்கு இந்த விவாதம் புதிதன்று. கடல் முள்ளெலியின் உறவான கடலட்டையும் இதே முறையில்தான் இனம் பெருக்குகிறது. இந்தியா 2001ஆம் ஆண்டு கடலட்டை பிடிப்பதை முற்றாகத் தடை செய்தது. இலங்கையிலோ உரிமத்துடன் பிடிக்க அனுமதி உண்டு, வடக்கில் வளர்ப்புப் பண்ணைகளும் இயங்குகின்றன. தமிழகத்து மீனவர்கள் அந்தத் தடையைத் தொடர்ந்து எதிர்த்து வந்துள்ளனர்.

அத்தி பூப்பது எங்கே

காற்றையும் நீரையும் நம்பாத தாவரங்களும் உண்டு. 1795ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பலெர்மோ தாவரவியல் பூங்காவில், 1845இல் கொண்டுவரப்பட்ட ஒரு மாபெரும் ஆஸ்திரேலிய அத்தி மரம் விழுதுகளைத் தூண்களாக ஊன்றி நிற்கிறது. நம்மூர் ஆலமரத்தை நினைவூட்டும் தோற்றம் அதற்கு.

அரிதாக நிகழ்வதை அத்தி பூத்தாற்போல என்று தமிழர் சொல்வது வழக்கம். அத்தி பூக்காமல் இல்லை. பழமென்று நாம் எண்ணும் அந்த உருண்டையின் உட்புறச் சுவரில்தான் நூற்றுக்கணக்கான பூக்கள் உள்ளன. அதன் முனையிலுள்ள நுண்ணிய துளை வழியாக ஒரு சிறு குளவி, பெரும்பாலும் தன் சிறகுகளை இழந்தே, உள்ளே நுழைந்து தான் கொண்டுவந்த மகரந்தத்தைப் பூக்களில் சேர்த்து, சிலவற்றில் முட்டையிட்டு அங்கேயே இறக்கிறது. பின்னர் பிறக்கும் சிறகற்ற ஆண் குளவிகள், பெண் குளவிகள் வெளிவருவதற்கு முன்பே அவற்றுடன் கூடி, வெளியேறும் வழியைத் தோண்டிவிட்டு மடிகின்றன. பெண் குளவிகள் மகரந்தத்துடன் அடுத்த மரத்தைத் தேடிப் பறக்கின்றன. ஆல், அரசு, அத்தி என ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குளவி இனங்கள் உண்டு. ஒரு விலங்கின் இனப்பெருக்கமும் ஒரு தாவரத்தின் இனப்பெருக்கமும் ஒரே அறைக்குள் நிகழ்வது இங்கேதான்.

குளவி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சிசிலியில் சான்று உண்டு. தமிழில் கல் இச்சி எனப்படும் மரம் தெற்காசியாவிலிருந்து சென்று அத்தீவின் தெருக்களில் நிழல் மரமாக நடப்பட்டது. தன் குளவி உடன் வராத நிலையில் அங்கே அதற்கு வளமான விதை உண்டாக வழியில்லை. 1991ஆம் ஆண்டு அந்தக் குளவி சிசிலியில் இருப்பது பதிவு செய்யப்பட்டது. அதன் பிறகு யாரும் நடாமலேயே சுவர் வெடிப்புகளிலும் கற்களின் இடுக்குகளிலும் கல் இச்சி நாற்றுகள் முளைக்கத் தொடங்கின. நூறு மரங்களால் ஆகாததை ஒரு பூச்சி செய்துவிட்டது.

அதே தாவரவியல் பூங்காவில் 1793ஆம் ஆண்டு அரசி மரியா கரோலினா அளித்ததாகக் கூறப்படும் ஒரு சைகஸ் மரமும் உள்ளது. பார்வைக்குப் பனை போன்றது, ஆனால் உறவில் பனையைவிட மிகப் பழையது. சைகஸின் மகரந்தக் குழாயிலிருந்து வெளிவரும் விந்தணு, விலங்கின் விந்தணுவைப் போலவே நீந்திச் சென்று முட்டையை அடைகிறது. 1896ஆம் ஆண்டு ஜப்பானிய ஆய்வாளர்கள் இதனைக் கண்டறிந்தபோது தாவரவியல் உலகம் வியந்தது. தாவரங்கள் நீரிலிருந்து கரையேறியதன் எச்சம் அது. ஃபர் மரத்தின் விந்தணு நீந்துவதில்லை, குழாயே அதனை முட்டை வரை கொண்டு செல்கிறது. பூக்கும் தாவரங்களில் இரு விந்தணுக்கள் செல்கின்றன. ஒன்று முட்டையுடன் கூடிக் கருவாகிறது, மற்றது வேறோர் உயிரணுவுடன் கூடிக் கருவுக்கான உணவாகிறது. நாம் உண்ணும் அரிசியும் குடிக்கும் இளநீரும் அந்த இரண்டாவது சேர்க்கையின் விளைவுகளே.

பால் இல்லாமலும் வாழலாம், ஆனால்

பால்முறை இனப்பெருக்கம் இவ்வளவு சிரமமானதெனில் அதனை விட்டுவிடலாமே என்ற கேள்வி எழுவது இயல்பு. பலெர்மோவின் புறநகரான சியாக்குல்லியில் விளையும் தாமதப் பருவ மாண்டரின் ஆரஞ்சு அப்படித்தான் வாழ்கிறது. தற்செயலாகத் தோன்றிய ஒரு மாற்றத்தை விவசாயிகள் கண்டு, ஒட்டுக் கட்டிப் பெருக்கினர். ஒட்டு மரங்கள் அனைத்தும் மரபணு அளவில் ஏறக்குறைய ஒரே மரம். சுவை மாறாது, விதையும் குறைவு. வாழையும் இவ்வாறே பக்கக் கன்றால் பெருகுகிறது.

நோய் வரும்போதுதான் விலை தெரிகிறது. ஒரு மரத்தை வீழ்த்தக் கற்ற நோய்க்கிருமி அதன் நகல்கள் அனைத்தையும் வீழ்த்தவல்லது. உலகச் சந்தையில் கோலோச்சிய குரோ மிஷெல் வாழையைப் பனாமா வாடல் நோய் 1960களுக்குள் வணிகத் தோட்டங்களிலிருந்து துடைத்தெறிந்தது. சிசிலியின் எலுமிச்சைத் தோப்புகளை ஒரு பூஞ்சை நோய் கடந்த நூற்றாண்டு முதல் வாட்டி வருகிறது. ஒவ்வொரு தலைமுறையிலும் சீட்டுகளைக் கலைத்துப் போடும் பால்முறை, நோய்க்கிருமிகளுக்கு நிலையான இலக்கைத் தருவதில்லை. இந்தக் காரணத்துக்காகவே அது நிலைத்தது என்பது உயிரியலாளர் பலரின் கருத்து. எனினும் இது ஒன்றே காரணமா என்பதில் விவாதம் தொடர்கிறது.

ஏணியும் தூரிகையும்

மதோனியே ஃபர் மரத்துக்கு ஒட்டு ஒரு தீர்வாகாது. முப்பது மரங்களின் நகல்களை எத்தனை ஆயிரம் நட்டாலும் அவை முப்பது மரங்களே. ஆகவே 2019ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியுடன் தொடங்கப்பட்ட திட்டத்தில், இத்தாலியத் தேசிய ஆராய்ச்சி மன்றமும் பலெர்மோ பல்கலைக்கழகமும் மதோனியே பூங்காவும் பிற அமைப்புகளும் இணைந்து, காற்று செய்யத் தவறியதைக் கையால் செய்ய முற்பட்டன. வசந்த காலத்தில் மரத்தின் உச்சியில் ஏறிப் பெண் கூம்புகளுக்கு உறையிட்டு அதன் சொந்த மகரந்தம் தடுக்கப்படுகிறது. தொலைவிலுள்ள வேறொரு மரத்திலிருந்து சேகரித்த மகரந்தம் உறைக்குள் செலுத்தப்படுகிறது. எந்த மரத்துக்கு எது பொருத்தமான துணை என்பதை முன்னதாகவே மரபணுச் சோதனை தீர்மானிக்கிறது. திருமணப் பொருத்தம் பார்ப்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, இங்கே எவ்வளவு ஒத்துப்போகாமல் இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்பதே.

விளையும் விதைகள் நாற்றங்காலில் முளைக்க வைக்கப்படுகின்றன. நாற்றுகளின் மரபணு சோதிக்கப்பட்டு, தற்கலப்பிலோ வேற்றினக் கலப்பிலோ பிறந்தவை விலக்கப்படுகின்றன. தேர்வு பெற்றவை மலையின் புதிய இடங்களில் நடப்படுகின்றன. எதிர்பாராத தீயோ நோயோ வந்தாலும் இனம் முற்றாக இழக்கப்படாதிருக்க, விதையும் மகரந்தமும் கருவும் மிகக் குளிர்ந்த நிலையில் சேமிக்கப்படுகின்றன. எஞ்சிய மரங்களைச் சுற்றி, மேயும் விலங்குகள் நாற்றுகளைத் தின்றுவிடாதவாறு வேலி அமைக்கப்பட்டுள்ளது.

நடப்பட்ட நாற்றுகள் முதல் கூம்பை ஈன்றெடுக்கப் பல ஆண்டுகள் ஆகும். அந்தக் கூம்புகளை அடையும் மகரந்தம் எந்த மரத்தினுடையது என்பதை அப்போது மீண்டும் சோதித்தே அறிய முடியும். அதுவரை ஒவ்வொரு வசந்தத்திலும் யாராவது ஏணியுடன் அந்த மலைக்கு ஏற வேண்டியிருக்கிறது.